சிவப்பு-சயான் 3டி போட்டோல சிவப்பு டிரெஸ் மட்டும் துடிக்குது, கலர் போகாம சரி பண்ண முடியுமா?

கருவிழி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்டீரியோ போட்டோல இப்பதான் மும்முரமா இறங்கியிருக்கேன். ஒரே கேமராவ பக்கவாட்டுல கொஞ்சம் நகத்தி ரெண்டு ஷாட் எடுத்து, ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் சாஃப்ட்வேர்ல அலைன் பண்ணி, சிவப்பு-சயான் அனாகிளிஃபா (இடது படத்த சிவப்புலயும் வலது படத்த சயான்ங்கற நீலப்பச்சைலயும் ஒண்ணு மேல ஒண்ணு போட்ட படமா) மாத்தி, இடது பக்கம் சிவப்பு வலது பக்கம் சயான் லென்ஸ் இருக்கற கண்ணாடி போட்டு பாக்கறேன். ஆழம் அருமையா வருது, அதுல குறையே இல்ல. சிக்கல் கலர்லதான்.

தோழி ஒருத்தங்கள அசையாம உக்கார வச்சு எடுத்த படம். அவங்க போட்டிருக்கறது நல்ல ரத்தச் சிவப்பு டிரெஸ், பின்னாடி டர்க்காய்ஸ் கலர் சுவர், பக்கத்துல ஒரு செடி. கண்ணாடி போட்டா முகம், செடி, மேசை எல்லாம் கல்லு மாதிரி நிக்குது, டிரெஸ் மட்டும் நிக்க மாட்டேங்குது, ஒரு நிமிஷம் வெளிச்சமா ஒரு நிமிஷம் கருப்பா மாறி மாறி துடிக்குது, சுவரும் கிட்டத்தட்ட அப்படித்தான், ரெண்டு நிமிஷம் பாத்தா நெத்தி வலிக்க ஆரம்பிச்சுடுது. ஒரு கண்ண மூடி பாத்தேன், இடது கண்ணுல டிரெஸ் பளீர்னு இருக்கு, வலது கண்ணுல கரி மாதிரி இருக்கு.

கிரே மோட்ல போட்டா எல்லாம் சரியாயிடுது, ஆனா அந்த ரெண்டு கலருக்காகத்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தேன். ஹாஃப் கலர் போட்டா கொஞ்சம் குறையுது, போகல. ஆப்டிமைஸ்டு போட்டா துடிப்பு போயிடுது, ஆனா டிரெஸ் கருப்பாயிடுது. நடுவுல ஏதாவது வழி இருக்கா? இல்ல இந்த மாதிரி கலர எடுக்கவே கூடாதா?

ஆழம்பாக்கறவன் எழுதியது:

நீங்க பாத்தது ரெட்டினல் ரைவல்ரி. ஒரே பொருள் ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு விதமான வெளிச்சத்துல வந்தா மூளையால ரெண்டையும் சேக்க முடியாது, ஒண்ண விட்டு ஒண்ண காட்டிட்டே இருக்கும். டிஜிட்டல் படத்துல ஒவ்வொரு புள்ளியும் ரெட், கிரீன், ப்ளூன்னு மூணு சேனல், ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 255 வரைக்கும் ஒரு எண்ணு. அனாகிளிஃப்ல இடது படத்தோட ரெட் சேனல் மட்டும் இடது கண்ணுக்கு போகுது, வலது படத்தோட கிரீனும் ப்ளூவும் வலது கண்ணுக்கு போகுது. சுத்தமான சிவப்புல கிரீனும் இல்ல ப்ளூவும் இல்ல, அப்புறம் வலது கண்ணுக்கு என்ன மிச்சம், வெறும் இருட்டுதான். டர்க்காய்ஸ் சுவர் இதுக்கு அப்படியே தலைகீழ்.

அதனால கலர் பேர வச்சு யோசிக்காதீங்க, ரெட் எண்ணையும் கிரீன் எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ப்ளூ நம்ம கண்ணுக்கு வெளிச்சமா தெரியறது ரொம்ப கம்மி, பழைய டிவி கணக்குலயே வெளிச்சத்துல ரெட் 0.299, கிரீன் 0.587, ப்ளூ 0.114 தான் பங்கு, அதனால சயான் கண்ணு பாக்கற வெளிச்சம் பெரும்பாலும் கிரீன் தான். மஞ்சள்ல ரெட்டும் கிரீனும் ரெண்டுமே நெறைய இருக்கு, அதான் மஞ்சள் சமத்தா உக்காரும். பழுப்பு, மர நிறம், சந்தன நிறம், ஆலிவ் எல்லாம் இதே வகை. உங்க செடி ஏன் துடிக்கலன்னு யோசிச்சீங்களா? இயற்கையான இலைல நாம நெனைக்கறத விட ரெட் ஜாஸ்தி, சாதாரணமா ரெட், கிரீன், ப்ளூ வரிசைல 80, 115, 45 மாதிரி எண்ணு வரும். அதே இடத்துல ஒரு பிளாஸ்டிக் பச்சை வாளி இருந்திருந்தா அதுவும் ஆடியிருக்கும்.

கண்ணாடி போடாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கிம்ப்லயோ ஃபோட்டோஷாப்லயோ ஒரு படத்த தொறந்து ரெட் சேனல மட்டும் கருப்பு வெள்ளையா பாருங்க, அப்புறம் கிரீன் சேனல பாருங்க. ஒண்ணுல வெள்ளையா இருக்கறது இன்னொண்ணுல கருப்பா இருந்தா அந்த எடம் துடிக்கும். ஷூட்டிங் போற எடத்துலயே போன்ல இத செஞ்சு பாத்துட்டு டிரெஸ்ஸ மாத்த சொல்லலாம், என்னைக் கேட்டா அதான் பெஸ்ட் ட்ரீட்மென்ட்.

கலர்கிறுக்கன் எழுதியது:

டிரெஸ்ஸ மாத்த சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, எடிட்லயே நல்லா செய்யலாம். கருவிழி, உங்க டிரெஸ்ஸோட கலர் தோராயமா 210, 25, 35 னு வச்சுக்கறேன், இத வச்சு ஒவ்வொரு மோடும் என்ன பண்ணுதுன்னு பாருங்க, ஏன் உங்களுக்கு அப்படி தெரிஞ்சதுன்னு புரிஞ்சுடும்.

ஃபுல் கலர்ல இடது கண்ணுக்கு 210, வலது கண்ணுக்கு கிரீன் 25. அதான் பளீரும் கரியும். ஹாஃப் கலர்ல இடது படத்த மட்டும் கிரே ஆக்கி அந்த வெளிச்சத்த ரெட்ல போடுது, அப்ப இடது கண்ணுக்கு 81 வருது, ஆனா வலது பக்கத்த தொடவே இல்ல, அங்க அதே 25. இடைவெளி சுருங்குது, போகல, நீங்க சொன்ன மாதிரியே. ஆப்டிமைஸ்டுல இடது படத்தோட ரெட்டையே தூக்கி போட்டுட்டு கிரீன்ல 0.7ம் ப்ளூல 0.3ம் எடுத்து ரெட்டுக்கு குடுக்குது, அப்ப இடது கண்ணுக்கு 28, வலது கண்ணுக்கு 25. ரெண்டும் சமம், துடிப்பு போச்சு, ஆனா ரெண்டும் இருட்டு. சிவப்பு இல்லாத படத்துக்கு அது நல்ல மோட், உங்க படத்துக்கு ஆகாது.

டுபுவா மோட் போட்டு பாத்தீங்களா? எரிக் டுபுவாங்கறவர் 2001ல ஒரு பேப்பர்ல குடுத்த முறை, ஸ்க்ரீன்ல இருந்து வர்ற வெளிச்சத்தையும் கண்ணாடி எத விடும் எத தடுக்கும்கறதையும் சேத்து கணக்கு போட்டு, கண்ணாடி வழியா தெரியறது ஒரிஜினலுக்கு எவ்ளோ கிட்ட போக முடியுமோ அவ்ளோ கிட்ட போற மாதிரி ஒரு மேட்ரிக்ஸ், அதாவது எந்த சேனல எவ்ளோ கலக்கணும்கற எண்கள் அட்டவணை. இடது படத்தோட மூணு சேனலும் வலது படத்தோட மூணு சேனலும் எல்லாம் கலந்துதான் புது ரெட், கிரீன், ப்ளூ வருது. உங்க டிரெஸ்ஸ அதுல போட்டா தோராயமா 103, 87, 21 வரும். துடிப்பு கிட்டத்தட்ட சுத்தமா போயிடும், ஆனா சிவப்பு ஒரு கடுகு-பழுப்பு நிறமா மாறிடும். மத்த எல்லா கலரையும் டுபுவா நல்லா பாத்துக்கும், முதல்ல அத போட்டு பாருங்க, சிவப்பு முக்கியமில்லாத படத்துக்கு அதுக்கு மேல எதுவும் தேவையில்ல.

சிவப்பு சிவப்பாவே வேணும்னா நான் பண்றது சேனல் மிக்ஸர், ஒரு சேனல்ல இன்னொரு சேனல எத்தனை சதவீதம் கலக்கணும்னு சொல்ற எடிட்டிங் கருவி. இடது படத்துல ரெட் அவுட்புட்டுக்கு ரெட் 70 கிரீன் 30, வலது படத்துல கிரீன் அவுட்புட்டுக்கு கிரீன் 75 ரெட் 25. கூட்டினா நூறு வர்ற மாதிரியே வச்சுக்கணும், அப்பதான் வெள்ளை வெள்ளையாவும் சாம்பல் சாம்பலாவும் இருக்கும். உங்க டிரெஸ்ல இடது கண்ணுக்கு 154, வலது கண்ணுக்கு 71 கிடைக்கும். அதாவது 154, 71, 35, ஒரு செங்கல் சிவப்பு. வித்தியாசம் இன்னும் இருக்கு, ஆனா இந்த அளவ மூளை தாங்கிக்கும், அதோட பக்கத்துல முகமும் மரமும் இருக்கறப்ப அத சிவப்புன்னேதான் படிக்கும். சுவரு 0, 170, 180 னா இதே மிக்ஸ்ல 51, 127, 180 ஆகும், கொஞ்சம் நீலத்துக்கு சாயும் ஆனா முன்ன பூஜ்யத்துக்கும் 170க்கும் நடந்த சண்டை இப்ப இல்ல. ஒரே மிக்ஸ் ரெண்டு பக்கத்தையும் கவனிக்குது பாருங்க, அதுதான் எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா ஞாபகம் வைங்க, இது எல்லாம் ரெண்டு படத்தையும் சேக்கறதுக்கு முன்னாடி தனித்தனியா செய்யணும். அனாகிளிஃபா சேத்ததுக்கு அப்புறம் ஹியூவையோ சாச்சுரேஷனையோ தொட்டா இடது கண்ணு படம் வலது கண்ணுக்குள்ள கலந்துடும், ஓரமெல்லாம் ரெட்டை ரெட்டையா தெரியும்.

மஞ்சள்வெயில் எழுதியது:

கலர்கிறுக்கன் சார் சொன்ன மிக்ஸர் நல்லது, ஆனா படம் முழுக்க போட்டா முகம் கொஞ்சம் சோகை பிடிச்ச மாதிரி ஆயிடும், அத நான் விரும்பறதில்ல. நான் செய்யறது ஹியூ-சாச்சுரேஷன் கருவில (ஹியூன்னா நிறம், சாச்சுரேஷன்னா அதோட அடர்த்தி) ரெட்ஸ் மட்டும் தேர்ந்தெடுத்து மூணு சின்ன வேலை, ஹியூவ ஆரஞ்சு பக்கம் கொஞ்சம் தள்றது, சாச்சுரேஷன பாதியாட்டம் குறைக்கறது, லைட்னஸ கொஞ்சம் ஏத்தறது. ஆரஞ்சு பக்கம் போகும்போது கிரீன் தானா ஏறும், அதான் விஷயமே. 180, 100, 75 பக்கம் வந்தாலே போதும். அப்புறம் சயான்ஸ தேர்ந்தெடுத்து சாச்சுரேஷன மட்டும் குறைச்சா ரெட் தானா ஏறிடும். ரெண்டு படத்துக்கும் அச்சு அசலா அதே எண்ணு போடணும், ஒண்ணுல அஞ்சு ஜாஸ்தியா இருந்தாலும் அதுவே புது துடிப்ப உண்டு பண்ணும்.

முகத்துல சிக்கல் வர்றது உதட்டுலதான். லிப்ஸ்டிக் இருந்தா இடது கண்ணுல உதடு வெளுத்துப் போய் முகத்தோட கரைஞ்சுடும், வலது கண்ணுல கருத்துப் போய் தனியா தெரியும், முகத்துல முதல்ல பாக்கற எடமே அதுதான்கறதால படம் மொத்தமும் கோளாறா தெரியும். அதுக்கு ஒரு மாஸ்க் போட்டு (எடிட் அந்த எடத்துல மட்டும் படற மாதிரி மறைச்சு) உதட்ட மட்டும் தனியா குறைச்சுடறேன். தோல் நிறம் பொதுவா தொல்லை பண்ணாது, கருப்போ மாநிறமோ சிவப்போ எல்லா தோலும் ஆரஞ்சு-பழுப்பு குடும்பம்தான்.

எல்லாத்தையும் சமமாக்கணும்னு அவசியமும் இல்ல. பித்தளை, தண்ணி, பட்டு, எண்ணெய் மினுக்கு இதுல எல்லாம் நிஜத்துலயே ரெண்டு கண்ணுக்கும் வேற வேற வெளிச்சம் வருது, அதனாலதான் அது பளபளக்குது. அங்க கொஞ்சம் வித்தியாசத்த விட்டு வச்சா உலோகம் உலோகமாவே தெரியும். துணி, சுவர் மாதிரி மங்கலான பரப்புலதான் அது தப்பா தெரியும்.

பழைய_பிலிம் எழுதியது:

நான் மாத்துக் கருத்து சொல்றேன், கோச்சுக்காதீங்க. அனாகிளிஃப் ஆழத்துக்காக பிறந்த முறை, கலருக்காக இல்ல. ஜெர்மன்காரர் ரோல்மான் 1853ல இந்த யோசனைய சொன்னப்ப வெறும் கோட்டுப் படம், பிரெஞ்சுக்காரர் டுகோஸ் டு ஓரோன் 1891ல அச்சடிக்கற முறைக்கு பேட்டன்ட் வாங்கினப்பவும் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே ஒரு நிறம், அவ்ளோதான். செவ்வாய் கிரகத்துல ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ரோவர்களோட நேவ்கேம், அதாவது வழி பாக்கற கேமரா, கருப்பு வெள்ளை, அதுல எடுத்த ஸ்டீரியோ ஜோடிய சிவப்பு-சயானா போட்டு பாருங்க, ஒவ்வொரு கல்லும் கையில எடுக்கற மாதிரி நிக்கும், ஒரு துடிப்பு இருக்காது. கிரேல ரெண்டு கண்ணுக்கும் எப்பவும் சமமான வெளிச்சம்கறதால அந்த நிம்மதி. கலர் படத்த கிரே ஆக்கும்போதும் கலர்கிறுக்கன் சொன்ன அதே மிக்ஸர வச்சு டிரெஸ்ஸும் சுவரும் ஒரே சாம்பலா ஆகிடாம பிரிச்சு காட்டலாம், அதுல ஒரு தனி அழகு இருக்கு. கருவிழி கிரேவ தோல்வியா நெனைக்க வேண்டாம்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒண்ணு, கோஸ்டிங். துடிப்பு வேற, கோஸ்டிங் வேற, ரெண்டையும் கொழப்பிக்கிட்டா தப்பான எடத்துல கைய வைப்பீங்க. கோஸ்டிங்னா ஒரு கண்ணுக்கான படம் கண்ணாடி தாண்டி இன்னொரு கண்ணுக்கு கசியறது, கருப்பு பின்னணியில வெள்ளைப் பொருள் இருந்தா ஓரத்துல மங்கலா இன்னொரு ஓரம் தெரியும். அதுக்கு கலர் எடிட் உதவாது. காண்ட்ராஸ்ட குறைக்கணும், சுத்த கருப்ப 15, 20க்கு ஏத்தி வைக்கணும், பளிச்னு இருக்கற பொருள் ஸ்க்ரீன் மட்டத்துக்கு வர்ற மாதிரி ஜன்னல நகத்தணும் (ரெண்டு படத்தையும் பக்கவாட்டுல தள்ளி வைக்கறது), ரெண்டு படமும் அந்த எடத்துல ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துட்டா கசிஞ்சாலும் தெரியாது. டுபுவா மேட்ரிக்ஸ்ல மைனஸ் எண்ணெல்லாம் இருக்கே, அது கசியறத முன்கூட்டியே கழிக்கறதுக்குத்தான், ஆனா பூஜ்யத்துல இருந்து எதையும் கழிக்க முடியாதுல்ல, அதனால அங்கயும் கருப்ப கொஞ்சம் ஏத்தி வச்சாதான் அந்தக் கழித்தல் வேலை செய்யும்.

கருவிழி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விரிவா எதிர்பாக்கல. சேனல் மிக்ஸர் முதல்ல போட்டு பாத்தேன், சுவர் உடனே அடங்கிடுச்சு, டிரெஸ்ஸும் பெருமளவு. முகம் வெளுக்கறது மஞ்சள்வெயில் அக்கா சொன்ன மாதிரியே தெரியுது, அதனால மிக்ஸர முகத்துக்கு மட்டும் மாஸ்க்ல மறைச்சுட்டேன், ரெண்டு படத்துலயும். இப்ப டிரெஸ்ல மடிப்பு மடிப்பா இருக்கற எடத்துல, நிழல் விழற பள்ளத்துல மட்டும் லேசா துடிப்பு மிச்சம் இருக்கு. அது ஏன்? அதோட, இதே படம் என் லேப்டாப்ல ஓரளவு அமைதியா இருக்கு, போன்ல பாத்தா மறுபடி துடிக்குது, ஒரே கண்ணாடிதான்.

கலர்கிறுக்கன் எழுதியது:

மடிப்புல துடிக்கறதுக்கு காரணம் விகிதம். வெளிச்சமான எடத்துல 154க்கு 71, பாதிக்கும் கொஞ்சம் கம்மி. நிழல்ல கேமராவே கிரீன பூஜ்யத்துக்கு அடிச்சிருக்கும், ரெட் 90னா கிரீன் 0ன்னு இருக்கும், அங்க கால் பங்க கலந்தாலும் 63க்கு 22 தான் வரும், மூணுல ஒரு பங்கு. மிக்ஸருக்கு முன்னாடி ராவ் ஃபைல்லயே (கேமரா பதிவு பண்ணின, அமுக்காத மூல ஃபைல்) ஷேடோவ தூக்கி, வைப்ரன்ஸ (கலர் அடர்த்தி) கொஞ்சம் குறைச்சு எடுத்துப் பாருங்க, கிரீன்ல ஏதாவது விவரம் மிச்சம் இருந்தா வெளிய வரும். அடுத்த தடவ எடுக்கும்போது நிழல் பக்கம் ஒரு வெள்ளை அட்டைய புடிச்சா அங்க கொஞ்சம் வெளிச்சம் விழும், சிவப்புத் துணிய எடுக்கறப்ப அது பெரிய வித்தியாசம். ஜேபெக்கா மட்டும் எடுத்திருந்தா அந்த பள்ளத்த மாஸ்க் போட்டு கிட்டத்தட்ட கிரே ஆக்கிடுங்க, நிழல்ல கலர் கொறைஞ்சா யாரும் கவனிக்க மாட்டாங்க.

ஆழம்பாக்கறவன் எழுதியது:

போன் விஷயத்துக்கு ரெண்டு செட்டிங் பாருங்க. டிஸ்ப்ளேல விவிட்னு இருந்தா நேச்சுரல்னு மாத்துங்க, விவிட்ல அது சிவப்ப இன்னும் சிவப்பாக்கி நீங்க கஷ்டப்பட்டு ஏத்துன கிரீன மறுபடி அமுக்கிடும். ரெண்டாவது, நைட் மோட், கண் பாதுகாப்பு மோட் எதுவா இருந்தாலும் அணைச்சுடுங்க, அது ப்ளூவையும் கிரீனையும் குறைக்கறதால சயான் கண்ணு மொத்தமா இருண்டு போகும், படத்துல எந்தத் தப்பும் இல்லாமலே எல்லாம் துடிக்கும்.

கண்ணாடியையும் ஒரு தடவ சோதிச்சுக்கோங்க. ஸ்க்ரீன் முழுக்க 255, 0, 0 சிவப்பு போட்டு வலது கண்ணால மட்டும் பாருங்க, கருப்பா தெரியணும். அப்புறம் 0, 255, 255 போட்டு இடது கண்ணால மட்டும் பாருங்க, அதுவும் கருப்பா தெரியணும். அட்டைக் கண்ணாடில பல தடவ ஒரு பக்கம் கசியும். கருவிழி மாதிரி ரொம்ப நேரம் உக்காந்து எடிட் பண்றவங்க ப்ளாஸ்டிக் லென்ஸ் கண்ணாடி வாங்கறது நல்லது, சிலதுல சிவப்பு லென்ஸ்ல மட்டும் லேசா பவர் வச்சிருப்பாங்க, சிவப்பு வெளிச்சம் கண்ணுக்குள்ள ஃபோகஸ் ஆகற எடம் கொஞ்சம் தள்ளிப் போறத ஈடு கட்ட, நெத்தி வலில ஒரு பங்கு அதனாலயும் வருது.

மஞ்சள்வெயில் எழுதியது:

கருவிழி, ஃபைனலா எந்த ஃபார்மட்ல சேவ் பண்றீங்க? ஜேபெக்னா சேவ் பண்ற பெட்டில க்ரோமா சப்சாம்ப்ளிங்னு ஒண்ணு இருக்கும், அது 4:2:0ல இருந்தா கலர் விவரத்த அகலத்துலயும் உயரத்துலயும் பாதியாக்கிடும். சாதாரண படத்துல தெரியாது, ஆனா அனாகிளிஃப்ல கலர்தான் எந்தக் கண்ணுக்கு எதுன்னு பிரிக்குது, அத மழுங்கடிச்சா ஓரத்துல ஒரு கண்ணு படம் இன்னொண்ணுக்குள்ள ஒழுகும், சிவப்பு டிரெஸ் டர்க்காய்ஸ் சுவரத் தொடற அந்த ஓரத்துல கண்டிப்பா தெரியும். 4:4:4 போடுங்க, இல்ல பிஎன்ஜி-யா வைங்க. மெசேஜ் ஆப்ல அனுப்பும்போதும் போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்லன்னா அது திரும்ப அமுக்கி அனுப்பிடும்.

கருவிழி எழுதியது:

4:2:0 தான் இருந்தது, பிஎன்ஜி-ல வச்சதும் தோள்பட்ட ஓரம் சுத்தமாயிடுச்சு. போன்லயும் விவிட் தான் ஆன்ல இருந்தது. நிழல் பள்ளத்துக்கு ராவ் இருக்கு, அதுல இருந்து மறுபடி ரெண்டு படத்தையும் எடுத்துட்டு இருக்கேன், முடிஞ்சதும் ஃபுல் கலர், டுபுவா, மிக்ஸர், கிரே நாலையும் இங்கயே போடறேன், பழைய_பிலிம் ஐயா கிரேவ கண்டிப்பா பாத்து சொல்லணும்.

பழைய_பிலிம் எழுதியது:

போடுங்க, பாக்கறேன். கிரே போடும்போது டிரெஸ்ஸ சுவர விட ஒரு படி இருட்டா வைங்க, ரெண்டும் ஒரே சாம்பலா இருந்தா உருவத்தோட வெளிக்கோடு தொலைஞ்சு போயிடும், அப்புறம் எவ்ளோ ஆழம் இருந்தாலும் கண்ணுக்கு பிடிமானம் கிடைக்காது.